முத்திரை அழிக்கும் கை

எலிக்குஞ்சு பிறந்த 13ஆம் நாளோ 14ஆம் நாளோதான் கண் திறக்கும். 1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டான்லி கோகன் என்ற உயிர்வேதியியலார், ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வடித்த சாற்றைக் குஞ்சுகளுக்கு ஊசிவழி ஏற்றி நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்குஞ்சுகள் 7ஆம் நாளே கண் விழித்தன. பல்லும் முந்தி முளைத்தது. அவர் தேடியது அதுவன்று. வேறொருவராயின் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அப்பால் சென்றிருப்பார். கோகன் அந்த ஒரு வரியின் பின்னால் ஆண்டுக்கணக்கில் நடந்தார். 1962இல் அவர் பிரித்தெடுத்து விளக்கிய சிறு புரதமே பின்னர் மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்று பெயர் பெற்றது. 53 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சரம் அது.

7ஆம் நாள் கண்ணைத் திறப்பித்தது எது என்பது ஒரு வினா. ஊசி போடாத குஞ்சுகளை 13ஆம் நாள்வரை பொறுத்திருக்கச் செய்தது எது என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு 1986இல் நோபல் பரிசே கிடைத்தது. இரண்டாம் வினாவின்மேல் அறிவுலகமும் அதற்குப் பொருள் உதவும் அரசுகளும் வணிக நிறுவனங்களும் வைத்த கவனம் மிகக் குறைவு. அந்தக் குறைவைச் சுட்டவே இதனை எழுதுகிறோம்.

கோகனுடன் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இத்தாலியப் பெண்மணி ரீட்டா லேவி-மொந்தால்சினி. 1938இல் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிராக இயற்றிய இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்டு, தூரின் நகரில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக்கருவை ஆராய்ந்தவர் அவர். பின்னர் செயின்ட் லூயிஸில் நரம்பு வளர்ச்சிக் காரணியை இனங்கண்டார். நரம்பிழைகளை வளரச்செய்த ஒரு கட்டியிலிருந்து எடுத்த சாற்றில் செயற்படுவது புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று அறிய அவரும் கோகனும் ஒரு நொதியின் துணையை நாடினர். நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் அந்நொதிக்குப் பாம்பின் நஞ்சு எளிதில் கிடைக்கும் மூலம். நஞ்சைச் சேர்த்தால் விளைவு அடங்கும் அல்லது அப்படியே நிற்கும் என்று எதிர்பார்த்தனர். நரம்பிழைகளோ முன்னினும் பன்மடங்கு அடர்ந்து படர்ந்தன! நஞ்சிலேயே வளர்ச்சிக் காரணி மிகுதியாக இருந்தது. பாம்பின் நஞ்சுப்பைக்கு ஒத்த உறுப்பு எலிக்கு உமிழ்நீர்ச் சுரப்பி என்பதால்தான் கோகன் அங்கே சென்றார். அங்கேதான் குஞ்சுகளின் கண் திறந்தது.

வளர்ச்சிக் காரணி தானே உயிரணுவின் கருவுக்குள் சென்று பெருகுக என்று ஆணையிடுவதில்லை. அது வாயிலில் நின்று கதவைத் தட்டும் தூதுவன். உயிரணுச் சவ்வைத் துளைத்து, வெளியே பாதியும் உள்ளே பாதியுமாக நிற்கிறது ஏற்பிப் புரதம். காரணி வந்து ஒட்டியதும் ஏற்பிகள் இரண்டு இரண்டாகச் சேர்கின்றன. ஏற்பியின் உட்பாதி ஒரு நொதி. கைனேஸ் என்பது அதன் குலப்பெயர். உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, இணைந்து நிற்கும் ஏற்பியின் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மேல் பதிக்கிறது. அது முத்திரை. முத்திரையைப் படிக்கவல்ல புரதங்கள் வந்து கூடுகின்றன. ஒன்று மற்றொன்றை எழுப்ப, ஆணை கருவரை செல்கிறது. மரபணுக்கள் விழிக்கின்றன, உயிரணு இரண்டாகப் பிரிகிறது.

டைரோசின் முத்திரை நெடுநாள் எவர் கண்ணிலும் படவில்லை. உயிரணுவின் புரதங்களில் உள்ள பாஸ்பேட் முத்திரைகளை எண்ணினால் ஏறத்தாழ 2,000இல் ஒன்றுதான் டைரோசினில் இருக்கும். 1979இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் டோனி ஹண்டர், கட்டி விளைவிக்கும் வைரஸ்களின் புரதங்களை ஆராய்ந்தபோது, புதுக்கரைசல் தயாரிக்கச் சோம்பிப் பழையதையே பயன்படுத்தினார். பலமுறை கையாண்டதால் அதன் அமிலத்தன்மை ஏறியிருந்தது. புதுக்கரைசலில் ஒரே புள்ளியாய்ச் சேர்ந்து நின்றிருக்கக்கூடிய இரண்டு பொருள்கள், பழைய கரைசலில் பிரிந்து நின்றன. பிரிந்து நின்ற அந்த அறியாப் புள்ளிதான் டைரோசின் முத்திரை. சோம்பலைப் போற்ற இதைச் சொல்லவில்லை; புள்ளி எதிர்பாராத இடத்தில் நின்றபோது அதைத் துடைத்தெறியாமல் நின்று நோக்கிய கண்ணைப் போற்றுகிறோம்.

முத்திரை இடப்படுவது மட்டுமன்று, அழிக்கவும் படும் என்பதை அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் காட்டியிருந்தனர். தசையில் சேமித்த கிளைகோஜனைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி எவ்வாறு விழிக்கிறது, எவ்வாறு உறங்குகிறது என்பதே அவர்கள் எடுத்த வினா. ஒரு நொதி பாஸ்பேட்டைப் பதிக்க அது விழிக்கிறது. வேறொரு நொதி அதை நீக்க அது உறங்குகிறது. 1955இல் தெளிந்த இவ்வுண்மைக்கு 1992இல் பரிசு வந்தது. இடுவதும் அழிப்பதும் ஒரே செயலின் இரு பாதிகள் என்பது அக்கண்டுபிடிப்பிலேயே அடங்கியிருக்கிறது. எனினும் ஆய்வுலகம் ஒரு பாதியைத்தான் மடியில் வைத்துக் கொஞ்சியது. முத்திரை இடும் நொதியை ஆணை பிறப்பிக்கும் அமைச்சராகவும், அழிக்கும் நொதியாகிய பாஸ்படேஸை விழா முடிந்தபின் பந்தலைக் கூட்டுபவராகவும் கருதினர். நம் ஊர்களிலும் பந்தல் கூட்டுபவரின் பெயரை எவரும் கேட்பதில்லை.

அப்பெயரைக் கேட்டவர் ஃபிஷரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்த நிக்கலஸ் டாங்க்ஸ். மனித நஞ்சுக்கொடியைக் கரைத்து வடித்து, டைரோசின் முத்திரையை அழிக்கும் முதல் நொதியைத் தூய வடிவில் 1988இல் அவர்கள் பிரித்தெடுத்தனர். பிடிபி-1பி என்பது அதற்கு இட்ட பெயர். பின்னர் மனித மரபணுத் தொகுதியை அலசியபோது, டைரோசினில் முத்திரை இடும் கைனேஸ்கள் 90 எனக் கண்டனர். அழிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் 107. அக்குடும்பத்தில் சில வேறு பணி பார்ப்பவை, சில செயலிழந்தவை. அவற்றைத் தள்ளிப் பார்த்தாலும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். வெறுமனே பந்தல் கூட்டுவதற்கு இயற்கை இத்தனை பேரை நியமித்திருக்காது.

அவர்களின் பணித்திறத்தை ஒரு நிகழ்ச்சியில் காணலாம். அழிக்கும் நொதிகள் எந்நேரமும் விழிப்பாக இருந்தால் வளர்ச்சி ஆணை பிறந்த கணமே அழிந்துவிடும்; எவரும் அதைப் படிக்க இயலாது. ஆகவே அவற்றைச் சிறிது நேரம் கண்கட்டி வைக்க வேண்டும். வளர்ச்சிக் காரணி ஏற்பியில் ஒட்டியவுடன் உயிரணு தன்னுள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறு அளவில் சுரக்கிறது. புண்ணைக் கழுவப் பயன்படுத்துகிறோமே, அதே பொருள். பாஸ்படேஸின் வினைபுரியும் குழியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணு ஒன்று உண்டு. பெராக்சைடு அதைத் தாக்கி ஆக்சிஜனேற்ற, நொதி செயலற்றுப் போகிறது. ஆணை படிக்கப்படுகிறது. பிறகு உயிரணுவே அந்தக் கந்தகத்தைப் பழைய நிலைக்கு மீட்க, நொதி கண்கட்டு அவிழ்ந்து தன் பணிக்குத் திரும்புகிறது. பெராக்சைடை ஒழிக்கும் கேட்டலேஸ் நொதியைத் தசை உயிரணுக்களுக்குள் ஏற்றிப் பார்த்த ஆய்வொன்று 1995இல் வெளிவந்தது. வளர்ச்சிக் காரணி வாயிலில் வந்து ஒட்டியும் உள்ளே பதில் குரல் மங்கிவிட்டது.

ஆக்சிஜனேற்றம் என்றாலே கேடு, அதை எதிர்க்கும் மாத்திரை எதுவாயினும் நலம் என்று விளம்பரப்படுத்துவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நிகழ்த்திய சோதனையில், அத்தகைய மாத்திரையான பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்தது என 1994இல் அறிவித்தனர். அதற்குக் காரணம் இந்தப் பாஸ்படேஸ்தான் என்று நாம் கூறவில்லை. உடல் நஞ்சென்று நாம் பெயரிட்ட பொருளையே தூதாகவும் கையாள்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

தடுக்கும் கைகள் வேறும் உள. ஏற்பியில் எழுந்த ஆணையின் ஒரு கிளை, சவ்வின் உட்புறத்தில் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறில் முத்திரையாய்ப் பதிகிறது. அதை அழிப்பது பீ-டென் என்னும் நொதி. 10ஆம் குரோமோசோமில் அமைந்த அதன் மரபணுவை 1997இல் இனங்கண்டனர். அது அழிப்பது கொழுப்பின்மேல் உள்ள முத்திரையை என்பது அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. மூளைக்கட்டி, கருப்பை உட்சவ்வுக் கட்டி, புராஸ்டேட் கட்டி ஆகியவற்றில் இம்மரபணு தொலைந்தோ பழுதுற்றோ இருப்பதை அடிக்கடி காண்கிறோம். முத்திரை குத்தப்பட்ட ஏற்பியை உள்ளிழுத்துச் சிதைக்க அனுப்பும் நொதியும் உண்டு; சிபிஎல் என்று பெயர். யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை ஏற்பியின் முதுகில் ஒட்டுகிறது. ஒட்டப்பட்ட ஏற்பி மீண்டும் வாயிலுக்கு வருவதில்லை.

ராஸ் என்னும் புரதத்தின் கதை இவற்றினும் கூர்மையானது. ராஸ் தன்னுள் ஒரு ஜி.டி.பி. மூலக்கூறை ஏந்தும்வரை வளர்ச்சி ஆணையைக் கடத்தும். அந்த மூலக்கூறைத் தானே வெட்டிக்கொண்டு ஓயவேண்டும் என்பது அதன் அமைப்பு. தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும் தூதுவன் அது. ஆனால் மிக மெதுவாகவே மூடும். ஆகவே துணைப்புரதம் ஒன்று வந்து விரல் கொடுக்க, அவ்வெட்டு ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு விரைவாகிறது. 1982இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உயிரணுக்களை ஆராய்ந்தவர்கள், நலமுள்ள ராஸுக்கும் நோயுற்ற ராஸுக்கும் இடையே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கக் கண்டனர். 12ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேலின். அந்த ஒரு மாற்றத்தால் துணைப்புரதத்தின் விரல் பொருந்தாமற் போகிறது. ஆணை ஓயவில்லை. புதிய ஆணை எதுவும் பிறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய ஆணை நிறுத்தப்படவில்லை, அவ்வளவே. துணைப்புரதங்களுள் ஒன்றான நியூரோஃபைப்ரோமினைப் பிறப்பிலேயே ஒரு படி குறைவாகப் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 3,000 பிறப்புக்கு ஒன்று. நரம்போரக் கட்டிகளைச் சுமந்து வாழ்வது அவர்கள் விதி.

இடுவதெல்லாம் தூண்டல், அழிப்பதெல்லாம் தடை என்று இதைச் சுருக்கிக்கொள்ளவும் கூடாது. சார்க் என்ற கைனேஸின் வாற்பகுதியில் ஒரு முத்திரை பெரும்பாலும் இருக்கும். அது அந்நொதியைக் கட்டிவைக்கும் பூட்டு. அம்முத்திரையை அழித்தால் பூட்டுத் திறந்து சார்க் சீறுகிறது. எஸ்.எச்.பி-2 என்ற பாஸ்படேஸ் வளர்ச்சி ஆணையை முன்னே தள்ளுகிறது. அது மட்டுமீறிச் செயற்பட்டால் நூனன் நோய்க்குறி என்ற பிறவிக் குறையும், சில குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோயும் விளைகின்றன. எந்த முத்திரையை எந்த நொடியில் எந்த நொதி அழிக்கிறது என்பதைத் தனித்தனியே அறிந்தாலொழிய மருந்தும் இல்லை, தீர்வும் இல்லை. இது பொறுமை கேட்கும் துறை.

இடும் கையைக் கட்டிப்போடும் மருந்துகள் வந்துவிட்டன. அவற்றின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் இரு குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் ஓயாத கைனேஸ் ஒன்று பிறக்கிறது. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், வளர்ச்சிக் காரணி ஏற்பிகளின் கைனேஸ்களைத் தடுக்கும் பொருள்களைத் தேடியபோது கிடைத்த இமாட்டினிப் என்ற மூலக்கூறு, அந்நொதியின் ஏ.டி.பி. குழியில் பொருந்தி அதை முடக்கியது. 2001இல் வெளியான முதற்கட்டச் சோதனை முடிவில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உண்ட 54 நோயாளிகளில் 53 பேரின் இரத்த அணுக்கள் இயல்புநிலைக்குத் திரும்பின. புற்றுநோய் மருத்துவத்தில் அத்தகைய கணக்கை அதற்குமுன் கண்டவர் அரியர்.

அம்மருந்தின் வழக்கு நம் வாசலிலேயே நடந்தது. இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் அவ்வலுவலகம் அதை மறுத்தது. மறுப்புக்கு அடிப்படைகளுள் ஒன்றான, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுப்பை உறுதி செய்தது. நிறுவனத்தின் மருந்து ஒரு நோயாளிக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். உள்நாட்டு மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய் என்பது அப்போது பேசப்பட்ட கணக்கு. நோயாளிகளின் பக்கம் நின்ற அத்தீர்ப்பை அன்றும் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். அதனோடு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறர் கண்டுபிடித்ததை மலிவாகச் செய்யும் உரிமையைத்தான் நாம் வென்றோம். கண்டுபிடிக்கும் திறனை எந்த நீதிமன்றமும் தீர்ப்பாக வழங்காது.

அழிக்கும் கையின் பக்கம் வருவோம். இன்சுலின் ஏற்பியும் டைரோசின் முத்திரை இடும் ஒரு கைனேஸே. அம்முத்திரையை அழிப்பவற்றுள் தலையாயது டாங்க்ஸ் பிரித்தெடுத்த அந்தப் பிடிபி-1பி. அதன் மரபணுவை நீக்கிய எலிகளைக் கனடாவின் மொன்றியால் ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினர். அவற்றின் உடல் இன்சுலினுக்கு மிக நன்றாகச் செவிசாய்த்தது. கொழுப்பு நிறைந்த தீவனம் கொடுத்தும் அவை பருக்கவில்லை. நீரிழிவுக்கு இதைவிடத் தெளிவான குறி வேறு வேண்டுமோ? பெருநிறுவனங்கள் பாய்ந்தன, சில ஆண்டுகளில் ஓய்ந்தன. பாஸ்படேஸின் வினைக்குழி மிகுந்த மின்னேற்றம் உடையது. அதில் பொருந்தும் மூலக்கூறும் மின்னேற்றம் உடையதாக இருக்க வேண்டும். அத்தகையது உயிரணுச் சவ்வைக் கடப்பதில்லை. அப்படியே கடந்தாலும், ஏறத்தாழ அதே முகமுடைய உடன்பிறப்பு நொதி ஒன்றையும் சேர்த்து முடக்கிவிடும். மருந்துக்கு வசப்படாதவை என்று பாஸ்படேஸ் குலம் முழுவதன்மேலும் ஒரு சொல்லை எழுதி ஒட்டிவிட்டுக் கூட்டம் கலைந்தது. அதே நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2016இல் எஸ்.எச்.பி-2 நொதியின் வினைக்குழியைத் தொடாமல், அதன் பகுதிகள் மடிந்து சேரும் இடுக்கில் ஒரு மூலக்கூறைச் செருகி, நொதியை மூடிய நிலையிலேயே பூட்டிக் காட்டினர். வாயில் அடைத்திருந்தால் சுவரைச் சுற்றி வர வேண்டும் என்பதை உணரப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் சேர்ந்து நாடெங்கும் நடத்திய கணக்கெடுப்பு 2023இல் வெளிவந்தது. இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 இலட்சம் பேர் என்பது அதன் மதிப்பீடு. இத்தனை பேரின் உடலில் இன்சுலின் கதவைத் தட்டியும் உள்ளே ஆணை சரிவரப் படிக்கப்படவில்லை அல்லது தட்டும் இன்சுலினே போதவில்லை. முத்திரை அழிக்கும் நொதிகளைப் பற்றி அறிவதில் இந்நாட்டைவிட மிகுதியான தேவையுடைய நாட்டை நாம் அறியோம். இந்நாடு ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் 2020-21இல் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு.

2023இல் நாடாளுமன்றம் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையை அமைக்கும் சட்டத்தை இயற்றியபோது, ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தனர். அதில் அரசின் பங்கு ஏறத்தாழ 14,000 கோடி. எஞ்சிய 36,000 கோடி தொழில்துறையிடமிருந்தும் கொடையாளரிடமிருந்தும் வரும் என்பது எதிர்பார்ப்பு. தொழில்துறை தரும் பணம் எங்கே செல்லும் என்பதற்குப் பிடிபி-1பியின் வரலாறே சான்று. விளைச்சல் கண்ணுக்குத் தெரியும்வரை நிற்கும், வினைக்குழி இடக்குச் செய்தால் நீங்கும். அதைக் குற்றமாகச் சொல்ல இயலாது. வணிகத்தின் இயல்பு அது. தசை நொதி உறங்கும் விதத்தையும், பழைய கரைசலில் நின்ற புள்ளியையும், கண் திறந்த எலிக்குஞ்சையும் எவ்வித ஆதாயக் கணக்கும் கேட்காமல் ஆராய விட்டவை பல்கலைக்கழகங்களும் பொதுநல ஆய்வு நிறுவனங்களுமே.

ஆகவே அரசின் 14,000 கோடியில் ஒரு கணிசமான பகுதியை, மூன்றாண்டுக்குள் பயன் காட்டுக என்னும் நிபந்தனையின்றி, பத்தாண்டு நீளும் நல்கையாக அடிப்படை உயிரியலுக்கு ஒதுக்க வேண்டும். அந்நல்கை பெருநகர நடுவண் நிறுவனங்களோடு நின்றுவிடாமல், ஆய்வுக் கருவிக்கு உதிரிப்பொருள் வாங்கவும் ஓராண்டு காத்திருக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களையும் எட்ட வேண்டும். முனைவர் பட்ட மாணவரின் உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் கைக்கு வர வேண்டும். வேதிப்பொருள் வாங்கும் கோப்பு ஒன்பது மேசைகளில் ஒன்பது கையொப்பம் பெறும்வரை குளிர்பெட்டியில் நொதி பிழைத்திருப்பதில்லை. அறக்கட்டளைக்கு அறிவித்த ஐந்தாண்டுக் கெடு 2028இல் முடிகிறது.